மீசை இல்லாத போட்டோ

8-5-1974, காலை

கோதண்டத்தின் அப்பாவுக்கு,

தென்னேரிக்கு அக்காவைப் பார்க்கப் போகிறேன், சாயங்கால பஸ்ஸில் வந்துவிடுவேன். கத்திரிக்காய்க் குழம்பு அடுப்பின்மேல் இருக்கிறது. சாப்பிட்டதும் மூடிவையுங்கள், பூனை வருகிறது.

குவைத்திலிருந்து உங்கள் பிள்ளை அனுப்பிய கவர், நீங்கள் தறியில் உட்காரும் பலகைமேல் இருக்கிறது. அதை எடுக்காமல் உட்கார முடியாது.

பழைய பாஸ்போர்ட்டில் அவனுக்கு மீசை இருக்கிறது, புதுப்பிக்க எடுத்த போட்டோவில் இல்லை. இரண்டும் ஒரே ஆள்தான் என்று வீட்டுப் பெரியவர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டுமாம். நாலு மணிக்குக் காசிநாதன் வாத்தியார் வந்து எழுதித் தருவார். கையெழுத்து மட்டும் உங்களுடையது.

"அப்பன் செத்தா எடுக்கிற மீசைய, நான் உசுரோட இருக்கச்சொல்லவே எடுத்துட்டானே"ன்னு நேற்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினீர்கள். அவன் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்கிறான். மீசை இருந்தால் முகமூடி சரியாக ஒட்டாமல் விஷக்காற்று உள்ளே வருகிறதாம். கம்பெனியில்தான் எடுக்கச் சொன்னார்கள். இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறான். நீங்கள் போட்டோவைப் பார்த்ததோடு கடிதத்தை வீசிவிட்டீர்கள்.

பூவம்மாள்

உங்கள் கண்ணாடி மாடத்தில் இருக்கிறது. எழுத்து தெரியவில்லை என்று வாத்தியாரைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

இன்னொன்று. அப்பா இல்லாதவர்களுக்கு மாமா கையெழுத்தே போதுமாம். என் தம்பி உடனே போட்டிருப்பான். "எனக்குத்தான் அப்பா இருக்காரே"ன்னு எழுதி, உங்கள் பிள்ளைதான் அதற்குச் சம்மதிக்கவில்லை.