போட்டுக்கொடுத்த பூச்சிகள்

தங்கச்சி,

நீ கோபித்துக்கொண்டு போய் ஏழு மாதம் ஆகிறது. நான் சௌக்கியம் என்றுதான் தொடங்க நினைத்தேன்.

ஆய்வகத்து மூட்டைப்பூச்சிகளை என் கையில் கடிக்கவிட்டு இரத்தம் கொடுக்கிறேன் என்றால் முகம் சுளிப்பாயே. அவற்றின் உடம்புக்குள் ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது. உள்ளேயே இருந்து பழகி, தனியாகப் பிழைக்கத் தேவையான மரபணுக்களையெல்லாம் தொலைத்துவிட்டது. இரத்தத்தில் போதாத வைட்டமினைச் செய்யும் மரபணுவை மட்டும் விடவில்லை. அது இல்லாமல் பூச்சி சரியாக முட்டையிடாது.

போன மாதம் முட்டையே இல்லை. சோதித்தால் பாக்டீரியாவைக் காணோம். பேராசிரியர் என் முகத்தையே பார்த்தார்.

"ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?"

"ரெண்டு மாசமா, சார். கிட்னில பிரச்சனை."

"ஏம்மா சொல்லல?"

சொன்னால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். என் வாசனைக்கு ஓடி வருவது அவை மட்டும்தானே. யாரிடமும் மூச்சுவிடாமல் வைத்திருந்ததை அவையே போட்டுக்கொடுத்துவிட்டன.

இப்போது அவற்றுக்கு வேறொருத்தியின் கை கிடைத்துவிட்டது. எனக்கு வியாழக்கிழமை ஆபரேஷன். கூட இருப்பவர் யார் என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். உன் பெயரை எழுதிவிட்டேன். தப்பென்றால் சொல், அடித்துவிடுகிறேன்.

உன் அக்கா