உடுப்புக் காயும் நேரம்

நிலவறையிலிருந்து பயணப் பெட்டியை மேலே கொண்டுவந்து திறந்தபோது அந்த மணம் வந்தது. வெயிலுக்குப் பூசுகிற கிறீமின் மணம். பெட்டியின் அடியில் உம்முடைய மஞ்சள் துவாய் நாலாக மடித்தபடி கிடந்தது. கிறீம் போத்தலின் மூடி எப்போதோ இளகி, துவாயின் ஒரு மூலையில் ஊறிக் காய்ந்திருந்தது. அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் இருந்துவிட்டேன். வெளியே கூரைப் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. நோர்வேயின் இந்த வெஸ்ட்லிக்கு மார்ச் மாதம் வந்துவிட்டது. இந்தச் சொட்டுச் சத்தம் தொடங்கியதும்தான் நீர் கேட்பீர்: "இஞ்சேருங்கோ, இந்தமுறை எங்கை போறம்?"

இந்தமுறை அந்தக் கேள்வி என்னிடம் மட்டும் இருக்கிறது. ஈஸ்டருக்குப் பத்து நாள் லீவு. போகிறேனா, வீட்டிலேயே இருக்கிறேனா என்று வெள்ளிக்கிழமைக்குள் வேலையிடத்தில் சொல்லவேண்டும்.

நீர் போனது போன வைகாசியில். வேலையில் நின்றபடியே தலையைப் பிடித்துக்கொண்டு குந்தினீராம். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. பிறகு இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, இன்றுவரை. வேலைக்குப் போகிறேன். உமக்குத் தெரியும், கட்டடங்களின் குழாய்களுக்குள் காற்று எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பது என் வேலை. கூரையில் ஏறுகிறேன், கருவியை நீட்டுகிறேன், எண்ணை எழுதுகிறேன், இறங்குகிறேன். எண்கள் சரியாகத்தான் வருகின்றன. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றத்தான் அரைமணித்தியாலம் ஆகிறது.

நீர் இங்கே வந்த முதல் வருஷம் ஞாபகம் வருகிறது. பனிக்காலம் முடியாமல் நீண்டுகொண்டே போனது. என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் 'சீடென்' போகிறார்கள் என்று சொன்னேன்.

"அதெங்கை கிடக்கு? எந்த நாடு?"

"அது ஒரு ஊர் இல்லையப்பா. தெற்காலை வெயில் எறிக்கிற இடமெல்லாம் இவையளுக்கு அதுதான்."

"அப்ப எங்களுக்கும் ஒண்டைப் பாருங்கோவன்."

அன்றே கணினியில் ஓர் அட்டவணை போட்டேன். கனேரித் தீவுகள், மடேய்ரா, சைப்ரஸ், எகிப்து. பகல் வெப்பநிலை, கடல்நீரின் வெப்பநிலை, ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் வெயில், விமானத்தில் எவ்வளவு நேரம். நீர் தேத்தண்ணியோடு பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தீர்.

"உதுக்குள்ளை எல்லாம் கிடக்கு. உடுப்பு எவ்வளவு நேரத்திலை காயும் எண்டு எங்கை கிடக்கு?"

நான் சிரித்தேன். நீர் சிரிக்கவில்லை. நாள் முழுக்க முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் நிற்கிறவர் நீர். விரிப்புகள் ஈரமாக இயந்திரத்துக்குள் போய்ச் சூடாக வெளியே வரும். வீட்டிலோ தொடர்மாடியின் நிலவறையில் உலர்த்துகிற அறை; எங்கள் முறை செவ்வாய்க்கிழமை. அங்கிருந்து எடுத்து வந்த என் மேற்சட்டையை மணந்து பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னீர், "உது காயேல்லை. களைச்சுப்போய்க் கிடக்கு." பிறகு, ஜன்னலைப் பார்த்தபடி, "ஒருக்கா எண்டாலும் வெளியிலை கொடியிலை போட்டிட்டு, ஒரு தேத்தண்ணி குடிச்சு முடியக் காய்ஞ்சதை எடுக்கவேணும். அதுதான் எனக்கு லீவு."

அதைக் கணக்குப் பார்த்துச் சொல்லலாம் என்றேன். வெப்பம், காற்றின் ஈரப்பதன், காற்றின் வேகம் தெரிந்தால் போதும், என் தொழிலே அதுதான் என்றேன். "அப்ப பாத்துச் சொல்லுங்கோ" என்றீர். பார்க்கிறேன் என்றேன். மூன்று வருஷம் பார்க்கிறேன் என்றே சொன்னேன்.

அட்டவணையின் கடைசிப் பத்தி நீர் சேர்த்தது. தலைப்பும் நீர் வைத்ததுதான்: 'யாற்றை கலியாணம்?' நோர்வேக்காரர் வெயிலுக்குப் போகிற அதே கிழமையில்தான் எங்கள் ஆட்கள் மண்டபம் எடுப்பார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட லீவு, தூரத்துச் சொந்தமும் வந்து சேரும். நாங்கள் தீவு ஒன்றைத் தெரிந்தெடுத்து வைத்திருப்போம், தொலைபேசி அடிக்கும். முதல் வருஷம் லண்டனில் உம்முடைய சொந்தத்தில் ஒரு பிள்ளை பெரியவளானதற்குச் சாமத்தியவீடு. அடுத்த வருஷம் ரொறன்ரோவில் என் அக்காவின் மைத்துனருக்குக் கலியாணம். மூன்றாம் வருஷம் பாரிஸ். நீர் போய் அந்தப் பத்தியில் ஊரின் பெயரை எழுதிவிட்டுப் பட்டுச்சேலைகளை எடுத்து அடுக்குவீர். சேலைகளுக்குக் கீழே மஞ்சள் துவாயும் கிறீமும்.

"லண்டனுக்கு இது என்னத்துக்கு?"

"வழியிலை எங்கையும் வெயில் வந்தால்?"

ஒரு கடற்கரையையும் காணாத துவாய் அது. லண்டனுக்கு ஒரு குத்துவிளக்கைச் சுற்றிக்கொண்டு போனது. ரொறன்ரோவிலிருந்து அக்காவின் ஊறுகாய்ப் போத்தலைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது.

ரொறன்ரோ மண்டபத்தின் வாகனத் தரிப்பிடத்தை நினைத்தால் இன்னும் கனவு போல இருக்கிறது. பனித்தூள் பக்கவாட்டில் பறந்தது. நீர் பச்சைப் பட்டுச்சேலை, அதற்குக் கீழே பனிச்சப்பாத்து, அதற்கு மேலே என்னுடைய கறுப்பு ஜாக்கெட். அக்கா வாசலில் நின்று கத்தினா.

"என்னடியப்பா, நோர்வேயிலை இருந்து வந்தும் நடுங்கிறாய்!"

"அங்கத்தைக் குளிர் காணாதெண்டுதான் மச்சாள் இஞ்சை வந்தனாங்கள்!"

அன்று இரவு அக்கா வீட்டு விருந்தினர் அறையில் கிறீமில் ஒரு பொட்டு எடுத்து மணிக்கட்டில் தேய்த்து, அதை என் மூக்கடியில் பிடித்தீர். "கண்ணை மூடுங்கோ. கடல் கேக்குதோ?" சுவரில் சூடாக்கியின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது எந்த வேகத்தில் சுற்றுகிறது என்றுகூட எனக்குத் தெரியும். "ஓம், கேக்குது" என்றேன். நீர் நம்பினீர். நானும் ஒரு நிமிஷம் நம்பினேன்.

இந்த வருஷம் தொலைபேசி அடிக்கவில்லை. ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை, போன கிழமை படிக்கட்டில் ரொம்மன் அக்காவைக் காணும்வரை. உம்மோடு சலவைப் பகுதியில் வேலை செய்தவ, பக்கத்து ரொம்மனில் இருக்கிறவ. கையில் ஒரு கட்டு அழைப்பிதழ். எங்கள் தொடர்மாடியில் மற்ற இரண்டு தமிழ் வீடுகளுக்கும் கொடுத்துவிட்டு இறங்கி வந்தவ, என்னைக் கண்டதும் கட்டைப் பின்னால் மறைத்தா.

"தம்பி, குறை நினையாதையும். மகளின்ரை கலியாணம். உங்களுக்கு இன்னும் ஆண்டுத் திவசம் முடியேல்லைத்தானே… நல்ல காரியத்துக்குச் சொல்லக்கூடாதாம்."

"ஓம் அக்கா. விளங்குது."

"அவள் இருந்தால் என்னோடை நிண்டு எல்லாம் செய்திருப்பாள்." அவவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு இல்லை.

மேலே வந்து அட்டவணையைத் திறந்தேன். புதிய வருஷத்துக்கு ஒரு வரி போட்டேன். கடைசிப் பத்தி, 'யாற்றை கலியாணம்?' என்பதற்குக் கீழே, வெறுமையாக இருந்தது. முதல் தடவையாக எந்தத் தடையும் இல்லை. நீர் மூன்று வருஷம் காத்திருந்த அந்த வெற்றுக் கட்டம் எப்படிக் கிடைத்தது என்று பார்த்துக்கொண்டு, திரை தானாக அணையும்வரை இருந்தேன்.

வியாழக்கிழமை ரொறன்ரோவிலிருந்து அக்கா தொலைபேசி எடுத்தா.

"தம்பி, தனிய இராதை. இஞ்சை வா."

"இல்லையக்கா. வெயிலுக்குப் போகலாமோ எண்டு யோசிக்கிறன்."

"தனியவோ? மனிசி செத்து ஆண்டு முடியேல்லை, கடற்கரையிலை போய்ப் படுத்துக் கிடக்கிறான் எண்டு சனம் கதைக்குமடா."

அதையேதான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அக்காவே குரலைத் தணித்துக் கேட்டா.

"அவள் கேட்டவளோ?"

"ஓம். ஒவ்வொரு வருஷமும்."

"அப்ப போ." தொலைபேசியை வைப்பதற்கு முன், "கிறீமைப் பூசடா" என்றா.

அன்று பின்னேரம்தான் நீர் கேட்ட கணக்கைச் செய்தேன். ஒரு மணித்தியால வேலை. அவ்வளவுதான் அது. அதிக வெப்பமான இடம் முதலில் வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. ஓயாமல் காற்று வீசுகிற, மழை குறைந்த லான்சரோட்டே என்ற தீவு எல்லாவற்றையும் முந்திக்கொண்டு மேலே வந்தது. எங்கள் பட்டியலில் அது எப்போதும் கடைசியில் கிடந்தது, காற்று அதிகம் என்று நானே தள்ளி வைத்தது. மறுநாள் வேலையிடத்தில் போகிறேன் என்று சொன்னேன்.

மிச்சத்தை அங்கிருந்து எழுதுகிறேன்.

வீடுகள் வெள்ளை, மண் கறுப்பு. பெரிய தாவரம் ஒன்றும் இல்லை. எல்லாச் சத்தமும் காற்றில் கரைந்து தூரத்திலிருந்து வருவது போல் இருக்கிறது. அறைக்கு ஒரு சின்னப் பல்கணி, அதில் ஒரு கொடி, இரண்டு மரக் கவ்விகள். முதல் இரண்டு நாளும் துவாயைப் பெட்டியை விட்டு எடுக்கவில்லை. கழுவினால் அந்த மூலையின் மணம் போய்விடும். வீட்டில் உம்முடைய மணமென்று எனக்கு மிஞ்சியது அதுதான். கழுவாவிட்டால் நீர் கேட்டதற்குப் பதில் இல்லை. மூன்றாம் நாள் காலை கைகழுவும் தொட்டியில் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். மூலையைக் கடைசியாக.

கொடியில் போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். துவாய் காற்றில் நிமிர்ந்து, சரிந்து, திரும்ப நிமிர்ந்தது. ஒரு தேத்தண்ணி முடிந்தது, துவாய் ஈரம். இரண்டாவது முடிந்தது, ஓரங்கள் காய்ந்திருந்தன. மூன்றாவது குடித்து முடிய எடுத்தேன். என் கணக்கு நாலரைத் தேத்தண்ணிக்குப் போயிருந்தது. வெயிலை நான் குறைத்துப் போட்டுவிட்டேன். பதில் இதுதானப்பா: துவாய்க்கு மூன்று தேத்தண்ணி. மேற்சட்டை என்றால் ஒன்று போதும். நீர் சொன்னபடியே.

முகத்தில் வைத்துப் பார்த்தேன். கிறீம் மணம் இல்லை. களைத்துப்போன மணமும் இல்லை. சூடான வெறுங்காற்றின் மணம். அதற்குள் முகத்தை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். எடுத்தபோது துவாய் நடுவில் திரும்ப ஈரமாகியிருந்தது. கொடியில் இன்னொருதரம் போட்டேன். அது காய எவ்வளவு நேரம் எடுத்தது என்று நான் பார்க்கவில்லை.

இப்போது வீட்டில் இருந்து இதை முடிக்கிறேன். இன்றைக்குக் குரோருட்டில் ஒரு பள்ளிக்கூடக் கூரையில் வேலை. பனி ஓரங்களில் மட்டும் மிஞ்சியிருந்தது. கீழே தெருவில், பனியில் வழுக்காமல் இருக்கத் தூவியிருந்த சரளைக்கல்லைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். மெல்லிய வெயில், மேற்கிலிருந்து காற்று. கருவியை எடுப்பதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காற்றுக்குக் காட்டினேன். துவாய்க்கு இங்கே ஏழு தேத்தண்ணி, கூடினால் எட்டு என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் கருவியை நீட்டினேன்.