மண்ணுக்கு எதற்கு கேட் பாஸ்

ஏப்ரல் 5, சனி

காலையில் வெயில். பதினொரு மணிக்கு மேல் மூடல். தூறல் இல்லை.

கல்லில் புல் முளைத்துவிட்டது. பொய்யில்லை. போன வாரம் நானும் மகள் தர்ஷினியும் புது வீட்டுச் சுவருக்காக அச்சில் அழுத்தி அடுக்கி வைத்த மண்கல் அத்தனையிலும் பச்சையாக முளை. மேலே போர்த்தியிருந்த படங்கைத் தூக்கிப் பார்த்தவள் ஒரு முளையைப் பிடுங்கி என் கையில் வைத்தாள்.

தப்பு என்னுடையது. ஹட்டனில் மூன்று மாதம் மண்கல் பயிற்சிக்குப் போனவள் அவள். "மேல் மண்ண வழிச்சுத் தள்ளிட்டு அடியில இருக்க செம்மண்ண எடுங்கப்பா" என்றுதான் சொன்னாள். நான் இருபத்தாறு வருஷமாகத் தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டுகிறவன், செடி மறுபடி தழைக்கக் கிளை கழிக்கிறவன். எனக்குத் தெரியாத மண்ணா? நல்ல மண் என்றால் கறுப்பாக, பொலபொலவென்று, வாசமாக இருக்கும். அதையே தேடித் தேடி வெட்டினேன். சீமெந்தையும் பாதியாகக் குறைத்தேன். பெரிய கெட்டிக்காரன். செடிக்கு நல்ல மண் சுவருக்கு ஆகாதாம். தொட்டால் கேக் மாதிரி உதிர்கிறது.

லயத்து வரிசையில் குடும்பத்துக்கு ஓர் அறைதான், காம்பரா. பக்கத்துக் காம்பரா மருதை வந்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"மச்சான், இதுக்குக் கவ்வாத்து எப்ப?"

"மொதல்ல கொழுந்து எடுத்துட்டுத்தான்."

லயமே சிரித்தது. நானும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மூடல். இடுப்பு வலி.

"சீமெந்துக் கல்லு வாங்கி அடுக்குனா என்னங்க?" என்று சாந்தி மறுபடி. கட்டிக்கொண்ட நாளிலிருந்து இவளுக்கு ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டால்தான் தூக்கம் வரும். வாங்கலாம். லொறி உள்ளே வர வேண்டுமே. தோட்டத்து கேட்டில் பாஸ் இல்லாமல் ஒரு செங்கல் நுழையாது. வீடு கட்டிக்கொள்ளக் கொடுத்த ஏழு பேர்ச் காணிக்குக் கடிதம் கைக்கு வந்த பிறகு மூன்று முறை ஆபீஸில் கேட்டாயிற்று. மூன்று முறையும் "பாப்போம்". நாலாம் முறை போகக் கிளம்பினபோது மகள் த. தான் சொன்னாள்: "நம்ம காணியில கெடக்குற மண்ணுக்கு யாருப்பா பாஸ் கேக்க முடியும்?"

செருப்பைக் கழற்றிவிட்டு மண்வெட்டியை எடுத்தவன்தான்.

இன்று:
- முளைத்த கல் எல்லாம் கீரைப் பாத்திக்கு. அதுவாவது பிழைக்கட்டும்.
- இடுப்பளவு தோண்டியது. செம்மண்.
- போத்தலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தது. மணல் அடியில், களி மேலே. த. தலையை ஆட்டினாள். பரீட்சையில் நான் ஜெயித்தது இதுதான் முதல் தடவை.

மே 17, சனி

மழைக்காற்று. சுவர் என் நெஞ்சு உயரம்.

புதுக் கல் இரும்பு. ஒன்றைக் காலில் போட்டுப் பார்த்தேன். வேண்டுமென்று இல்லை. நகம் கறுத்துவிட்டது. த. ஓடி வந்து கல்லைத் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணும் ஆகலப்பா, ஓரங்கூட உடையல."

பிறகுதான் காலைப் பார்த்தாள்.

மே 21, புதன்

இடி, மழை இல்லை. சுவர் கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது.

காலைப் பெரட்டில், எல்லாரையும் வேலைக்குப் பிரித்து அனுப்புகிற நேரத்தில், எங்களை மேய்க்கிற கண்டாக்கு ஐயா:

"ராசு, அந்த மண்ணு வேலைய நிப்பாட்டு. பாதுகாப்பில்லாத கட்டடமாம். ஆபீஸ்ல கடிதம் தயாராகுது."

"போன வருஷம் லயத்துக் கூரை சாந்தி தலமாட்டுல விழுந்துச்சுங்களே. அதுக்குக் கடிதம் போட்டாங்களா?"

பின்னால் யாரோ இருமினார்கள். சிரிப்பை அடக்கிய இருமல்.

"வாயக் கொறை. மழ முடியட்டும், அப்பறம் பாப்போம்."

மழை முடிந்தால் பார்க்க அங்கே என்ன இருக்கும்? கூரை இல்லாத மண்சுவர் இரண்டு மாத மழையில் திரும்பவும் மண். இடிக்க ஆள் அனுப்ப வேண்டாம், நிறுத்தி வைத்தாலே போதும். அவருக்கும் தெரியும்.

வீட்டில் சொன்னேன். சாந்தி பயப்படுவாள் என்று நினைத்தேன். சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"அடுப்பு எரியாத வரைக்குந்தான் அது மண்ணு. எரிஞ்சிட்டா வீடு. கடிதம் வர்றதுக்கு முன்ன குடி போயிருவோம்."

இருபத்து மூன்று வருஷமாக இவளோடுதான் இருக்கிறேன்.

மே 24, சனி

தூறல். கினிகத்தேனையிலிருந்து வந்த சிங்களத் தச்சர் கூரை மரம் ஏற்றி முடித்தார். நல்ல மனுஷன், தமிழ் பாதி, சிரிப்பு பாதி.

தகரம் வந்த லொறியைப் பெரிய ரோட்டிலேயே நிறுத்தினோம். அங்கிருந்து குறுக்குப் பாதை, தேயிலைக்கு நடுவில். மருதை முன்னால், கொழுந்து எடுக்கும் பெண்கள் பின்னால், ஆளுக்கொரு தகரம் தலையில். நான் கடைசியில், நொண்டிக்கொண்டு.

கேட் காவல்காரர் தூரத்திலிருந்து கத்தினார். "ஏய், பாஸ் எங்க?"

"மழைக்குக் கொட புடிச்சிட்டுப் போறோங்க" என்றான் மருதை. தூறல் அந்த நேரம் பார்த்து வலுத்தது. அவர் தன் கூண்டுக்குள் ஓடினார்.

மே 25, ஞாயிறு

விடிந்ததிலிருந்து ஊற்றுகிறது. கடைசித் தகரத்தை நனைந்துகொண்டே அடித்தோம். ஒரு மூலையில் படங்கு நழுவி, மேல்வரிசைக் கல் இரண்டு கரைந்தது. த. அழுதாள், ஆனால் கை நிற்கவில்லை. பத்து நிமிஷத்தில் பூசிவிட்டாள்.

பால் காய்ச்சினோம். பொங்கியது.

கொண்டு வந்தவை: சாமிப் படம், மெத்தை இரண்டு, த. புத்தகங்கள், சாந்தியின் கூடை, டீவி (படம் வரவில்லை, வைத்து அழகு பார்க்கிறோம்). கதவு இன்னும் இல்லை. பழைய சேலை தொங்குகிறது.

மே 26, திங்கள்

மழை. காய்ச்சல் என்று சொல்லி வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் இல்லை.

பத்து மணிக்குக் கண்டாக்கு ஐயா. தட்டக் கதவில்லை, அதனால் கனைத்தார். மழையில் நிற்க வைக்க முடியுமா? உள்ளே கூப்பிட்டோம். சாந்தி தேத்தண்ணி கொடுத்தாள். குடித்துக்கொண்டே விரலால் சுவரைச் சுரண்டிப் பார்த்தார்.

"கரையலையே."

"செம்மண்ணுங்க" என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி. த. என்னைப் பார்த்தாள்.

அப்புறம் கடிதத்தை நீட்டினார். மேலே என் பெயர். கீழே எங்கள் பழைய விலாசம், நாலாம் லயம், ஏழாம் காம்பரா.

"அந்தக் காம்பராவுல இப்ப யாரும் இல்லீங்களே."

"வெளையாடாத. நீதானே ராசு?"

"பேரு என்னுதுதாங்க. வெலாசம் என்னுது இல்லீங்க."

"அப்ப எந்த வெலாசத்துக்குக் கொண்டாரச் சொல்ற?"

சேலைக்குப் பக்கத்தில் நின்றிருந்த த. சொன்னாள்: "இந்த வீட்டுக்கு ஒரு நம்பர் போட்டு அனுப்பச் சொல்லுங்க ஐயா. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறோம்."

அவர் கடிதத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். நம்பர் போட்டால் இது வீடு என்று ஆபீஸே ஒத்துக்கொண்ட மாதிரி. சட்டைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு குடையை விரித்தார்.

நாளை தச்சரிடம் சொல்ல வேண்டும். கதவு, ஏழடிக்கு மூன்றடி. நம்பர் எழுத மேலே இடம் விட்டு.