முந்தானையில் ஒட்டு

2020 ஜனவரி 13, திங்கள்
சிசிலி அக்கா கடைக்கு வந்தார், சாரியோடு! போன வருஷம் ஈஸ்டர் குண்டு வெடித்த பிறகு சர்ச் ஆட்கள் யாரும் என் தையல் கடைக்கு வரவில்லை. முஸ்லிம் கடை. ஹட்டன் டவுனில் எல்லாருக்கும் தெரியும்.
அவர் மகள் டிலுக்ஷிக்கு 29ஆம் திகதி கல்யாணம். வேளாங்கண்ணிக்குப் போன அண்ணன்காரன் காஞ்சிபுரம் வரைக்கும் போய், நெய்கிற வீட்டிலேயே எடுத்த பட்டு. மெரூன் முந்தானை நிறைய மயில்.
"மாப்பிள்ள ஊர்ல பொண்ணோட முந்தானையத்தான் மொதல்ல பாப்பாங்களாம். ஜாக்கெட் நீங்கதான் தைக்கணும் கமறியா. யாரு என்னா சொன்னாலும் சரி."
யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். சொல்லட்டும். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜனவரி 16
யா அல்லாஹ். வெட்டிவிட்டேன்.
சாரியின் ஒரு முனை முந்தானை, மறு முனை ஜாக்கெட் துணி; இரண்டும் ஒரே மெரூன். மடிப்பில் அடிப்பக்கம்தான் வெளியே தெரிந்தது. ஜாக்கெட் துணி என்று நினைத்துக் கத்தரியைப் போட்டேன். திருப்பினால் — மயில். முந்தானையை வெட்டியிருக்கிறேன். கண் எங்கே போச்சு எனக்கு?

ஜனவரி 17
ஜும்ஆ முடிந்து வந்த வீட்டுக்காரர் மர்சூக்கிடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "வேணும்னே வெட்டினதுன்னுதான் பேசுவாங்க. ஒட்டித் தச்சுக் குடுங்க. வாயத் தொறக்க வாணாம்."
ஒட்டினேன். நூல் நிறம்கூடச் சரி. ஆனால் விரல் வைத்தால் தெரிகிறது.

ஜனவரி 20
சொல்லாமல் கொடுத்து, கல்யாணத்தன்று தெரிந்தால்? சொன்னால் மட்டும் நம்புவாரா?

ஜனவரி 21
சொல்லிவிட்டேன். சிசிலி அக்கா ஒட்டைத் தடவிப் பார்த்தார். சாரியையும் ஜாக்கெட்டையும் பையில் போட்டுக்கொண்டு மழையிலேயே போய்விட்டார். ஏசியிருக்கலாம். ஏசாமல் போனால் என்ன அர்த்தம்?

ஜனவரி 25
போனை எடுக்கவில்லை. மர்சூக் "நான் சொன்னேன்தானே" என்கிறார். எரிச்சலா வருது. எனக்குத் தெரியாதா?

ஜனவரி 28
டிலுக்ஷி போன் பண்ணினாள். "நாளைக்கி நீங்கதான் வந்து சாரி கட்டிவிடணுமாம். அம்மா சொன்னாங்க." வேறு எதுவும் இல்லை.
போகத்தான் வேண்டும். பயமா இருக்கு.

ஜனவரி 29
கட்டிவிட்டேன். மயில்கள் முதுகில் அழகாக விழுந்தன. சிசிலி அக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சர்ச்சில் டிலுக்ஷி தலையில் போட்ட நெட் ஒட்டை மறைத்தது. மண்டபத்தில் நெட்டைக் கழற்றினார்கள்.
கந்தப்பளையில் இருந்து வந்த மாப்பிள்ளையின் அத்தை மயிலைப் பார்க்க முந்தானையை விரித்தார். விரல் ஒட்டில் நின்றது.
"ஐயோ, இது என்னா வெட்டு? யாரு தச்சது?"
என் முக்காட்டைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.
சிசிலி அக்கா முந்தானையை அவர் கையிலிருந்து வாங்கி, மகள் முதுகில் விட்டார். "நாந்தான் வெட்டிப்புட்டேன், முனை தெரியாம. கமறியா இல்லாட்டி எம்புள்ள இன்னைக்கி இதக் கட்டியிருக்கவே முடியாது."
பிறகு என் பக்கம் திரும்பினார். "இங்க எறச்சி ஹலால் இல்ல, ஒங்களுக்குன்னு மரக்கறி தனியா ஆக்கி வச்சிருக்கேன். போயி சாப்பிடுங்க."
குரலில் கோபம் இன்னும் இருந்தது. சாப்பிட்டேன்.