பொய்ப் பேருந்தின் ஜன்னல் கம்பி

14 மார்ச் 2006, செவ்வாய். சேலையூர்.

விர்ச்சுவல் ரியாலிட்டி கண்ணாடி மாட்டியவர்களுக்குக் குமட்டாமல் இருக்க, ஓடும் படத்தின் முன்னால் அசையாத பேருந்து ஜன்னல் கம்பிகளை வரைந்திருக்கிறோம். எங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட் இவ்வளவுதான். வியாழக்கிழமை வைவா தேர்வு.

இன்று, ப்ராஜெக்டில் என் கூட்டாளியான ரஃபீக்கின் அக்கா நூர்ஜஹானுக்கு மாட்டிப் பார்த்தோம். பஸ் அடுத்த நிறுத்தமான கேம்ப் ரோட்டைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுப்பவர். அவர் தாங்கினால் ஊரே தாங்கும். படத்துப் பேருந்து பத்து நிமிடம் மலை வளைவுகளில் சுற்றியது. அக்கா அசையவில்லை. ரஃபீக் என்னைத் தூக்கிச் சுற்றினான், எனக்குத்தான் குமட்டியது.

கண்ணாடியைக் கழற்றியபோது பார்த்தேன். அக்காவின் கைக்குள் நசுங்கிய எலுமிச்சம்பழம்.

“என்னக்கா இது?”

“பஸ்ஸுன்னு சொன்னீங்களே தம்பி. பழம் இல்லாம எப்படி ஏறுறது?”

“ரிப்போர்ட்ல அதையும் சேத்துடலாம் மச்சான்,” என்றான் ரஃபீக்.

வேலை செய்தது கம்பியா, பழமா? அது தெரியாமல் வைவாவில் போய் நிற்க முடியாது. நாளை வெறுங்கையோடு மறுபடி உட்கார அக்கா ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை: நான் பக்கத்தில் பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

கம்பிகள் மேல் எனக்கு முழு நம்பிக்கை இருக்கிறது. பையில் ஓட்டை இருக்கிறதா என்று இரண்டு முறை ஊதிப் பார்த்துவிட்டேன்.