துடைக்காத வெள்ளிக்காசு

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் ஒன்றுமில்லை. ட்ரெலோர் வயலில் உலோகம் தேடும் கருவியோடு காலை முழுக்க நடந்ததற்குப் பலன்: ஈயக் குண்டுகள், பியர் டின் வளையம் ஒரு பிடி, ஒரு குதிரை லாடம். தங்க வேட்டைக் காலத்தில் ஊரே குடித்துக் கிடந்த கூடாரச் சாராயக்கடை இருந்த இடம் இது! குடித்தவன் எவனும் ஒரு காசைக்கூடத் தவறவிடவில்லையா? ஓடை வெள்ளம் வண்டலைக் கொட்டிக் கொட்டி எல்லாவற்றையும் முழங்கை ஆழத்துக்குக் கொண்டுபோய்விட்டது. அவ்வளவு ஆழத்தில் கிடக்கும் வெள்ளி, கருவியின் ஹெட்போனில் மெல்லிசாகக் கீச்சிடும், அவ்வளவுதான். இரும்பு உறுமும். எனக்கு உறுமல்தான் வாய்த்திருக்கிறது.

கூடத் தேட வந்த நெவில் ஒரு சிக்ஸ்பென்ஸ் வெள்ளிக்காசு எடுத்தான். விக்டோரியா ராணி தலை. மண்வெட்டியைத் தலைக்கு மேலே தூக்கினான், நான் போய்ப் பார்த்தேன். இருபது வருடமாக இதுதான் எங்கள் வழக்கம். யார் வெள்ளி எடுத்தாலும் மண்வெட்டி மேலே போகும். மற்றவன் வந்து பார்க்கிற வரைக்கும் மண்ணைத் துடைக்கக் கூடாது. இந்த வருடம் நான்தான் நடையாய் நடந்து அவன் காசைப் பார்க்கிறேன்.

மார்ச் 8

ஹாலில் புகை அலாரம் கத்துகிறதாம். பேட்டரி மாற்று, மாற்று என்று கிளெனிஸ் உயிரை எடுக்கிறாள். அதற்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு சத்தமும் இல்லை. "இதோ, இப்பக்கூட கத்துச்சே ரஸ்!" என்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருடம் நன்றாக இருந்தவள். இப்போது இல்லாத சத்தமெல்லாம் கேட்கத் தொடங்கிவிட்டது.

மார்ச் 17

பக்கத்து வீட்டு டோரீனின் பூனை எங்கள் தோட்டத்து நீலக்குருவிகளைத் தின்று தீர்த்துவிட்டது. புதருக்குள் ஒரு கீச்சுகூட இல்லை. வேலியோரம் நின்று நேராகவே கேட்டேன்.

"என் பூனைக்கு வாயில பல்லே கிடையாது, ரஸ். சூப்பு வெச்சுதான் கொடுக்கிறேன்."

பொய்.

வயலில் ஒன்றுமில்லை. நெவிலுக்கு இரண்டு.

ஏப்ரல் 7

கருவியின் அடிமுனைக்குப் பெரிய தட்டு வாங்கிப் போட்டேன், இன்னும் ஆழமாகப் பார்க்குமாம். விலையைக் கிளெனிஸிடம் சொல்லவில்லை. நேற்று பெய்த மழையில் மண் நன்றாக ஊறியிருக்கிறது. ஈர மண்ணில் ஆழத்துக் காசு வாய் திறக்கும். திறந்தது, நெவிலிடம்.

அடுத்த மாதம் விதைப்பு. அதற்குள் ஒரு வெள்ளியாவது எடுக்காவிட்டால் கருவியை விற்றுத் தலைமுழுகுகிறேன்.

ஏப்ரல் 14

 நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஓடைப் பக்கத்து வரிசையில் மூன்று தடவை போனேன், ஆமை வேகத்தில். மண் ஊமை. எனக்குப் பின்னால் அதே தடத்தில் வந்த நெவில் சட்டென்று முட்டி போட்டான். மண்வெட்டி மேலே போனது. ஷில்லிங்.

"எப்படிடா? அங்க நான் மூணு தடவை ஆட்டிப் பார்த்தேன்!"

"நல்லா கத்துதே, ரஸ். உனக்குக் கேக்கலையா?"

அந்தச் சிரிப்பு. சும்மா சிரித்தானோ என்னவோ, எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"வீட்டுலேருந்து கொண்டாந்து புதைச்சு வெச்சு எடுக்குறே. என்னை முட்டாளாக்கத்தானே?"

 அவன் மண் ஒட்டிய அந்த வெள்ளி ஷில்லிங்கை என் உள்ளங்கையில் வைத்தான்.

"வெச்சுக்க. உனக்காகத்தானே புதைச்சேன்."

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் கேட்டதில் என்ன தப்பு? நான் நடந்த இடத்தில் வேறு எப்படி வரும்? சொல்லட்டுமே!

ஏப்ரல் 25

போர் நினைவுத் தூணருகே விடியற்காலை அஞ்சலிக் கூட்டம். நெவில் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டான்.

ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன். நெவில் ஷில்லிங் எடுத்த அந்தக் குழியின் மண் கட்டி உடையாமல், புல் வேரோடு இறுகி இருந்தது. புதைத்த மண் அப்படி இருக்காது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன்.

மே 2

கிளெனிஸ் நச்சரித்துப் பல்லாரட் நகரில் காது பார்க்கக் கூட்டிப்போனாள். கண்ணாடி அறை. காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். ஆரம்பத்தில் சிலதுக்கு அமுக்கினேன். பிறகு சும்மா உட்கார்ந்திருந்தேன், அமைதி.

"மிச்சத்தை எப்பம்மா ஆரம்பிக்கப் போறீங்க?"

அந்தப் பெண் கதவைத் திறந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். "முடிஞ்சிருச்சுங்க."

கீச்சென்று வரும் சத்தம் எதுவும் எனக்கு இனி கேட்காதாம். அலாரம், குருவி எல்லாம் அந்த வகைதானாம். வெள்ளியைப் பற்றி அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

வருகிற வழியில் கிளெனிஸ் என் முழங்காலில் கை வைத்திருந்தாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மே 4

பேட்டரி மாற்றினேன். டோரீன் வீட்டுக்கு ஒரு கேக் கொடுத்தேன். பூனையும் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தது.

மாலையில் ஷில்லிங்கோடு நெவில் வீட்டுக்குப் போனேன். காது விஷயத்தைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். கதவைப் பாதிதான் திறந்திருந்தான்.

"என் காது நல்லாத்தான் இருக்கு, ரஸ். நீ அன்னிக்குச் சொன்னது இன்னும் கேக்குது."

ஷில்லிங்கை வாங்கிக்கொள்ளவில்லை.

மே 12, ஞாயிறு

"நாளைக்கு விதைக்கிறேன், ரஸ். அப்புறம் கேட்டைப் பூட்டிடுவேன்" என்று ட்ரெலோர் அம்மா சொல்லிவிட்டார். தனியாகப் போனேன். கருவியில் வெள்ளியின் கீச்சுக் குரலை எனக்குக் கேட்கிற தடித்த குரலாக இறக்கி வைத்திருந்தேன். இப்படி மாற்ற முடியும் என்பது எப்போதோ தெரியும். தேவை என்றுதான் தெரியவில்லை.

ஓடைப் பக்கத்து அதே வரிசை. பாதி தூரம் போனதும் தவளை முனகுவது போல ஒன்று. தட்டைத் திரும்ப ஆட்டினேன், மறுபடி முனகியது. என் பழைய தடத்திலேயே! எத்தனை முறை இதை மிதித்துப் போயிருப்பேன்?

முழங்கை வரை கையை விட்டு எடுத்தேன். ஷில்லிங்.

பழக்கதோஷம், மண்வெட்டி தானாக மேலே போனது. பார்க்க யார் இருக்கிறார்கள்? வெறும் தாளடி வயல். அழுகையாக வந்தது, கிழவன் ஒருவன் வயல் நடுவில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். இறக்கிவிட்டு ஹெட்போனைக் கழுத்துக்குத் தள்ளினேன். ராணி முகத்தில் அப்பியிருந்த மண்ணின் மேல் கட்டைவிரலை வைத்தேன்.

கேட் பக்கமிருந்து ஒரு குரல். கிளெனிஸ் நெவிலுக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும்.

"டேய் ரஸ்! துடைச்சிடாத!"

கேட்டது. நன்றாகக் கேட்டது.