பேனரில் ஏறாத வாழ்த்து

அன்புள்ள ஏஸ்தெல் அக்காவுக்கு, லியோனிலிருந்து உன் தம்பி ஒகுஸ்த் எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? யாருமே நம்பாத ஒரு கதையைச் சத்தியம் செய்து சொல்கிறேன்.

உன் மகள் சிமோனின் பிறந்தநாள் பேனருக்கு நான் எழுதிய வாழ்த்தை இங்கே நான் வேலை செய்யும் ஓட்டல் சமையலறையில் வாசித்தேன். சமையல்காரர்கள் கூட்டமாக அழுதார்கள். ரோன் நதி நின்று கேட்டுவிட்டுப் போனது.

ஆனால் அங்கே நம் முத்தியால்பேட்டையில் உன் கொழுந்தன் தெயோ வைத்த பேனரில் அவன் வாழ்த்து மட்டும்தான் இருக்கிறது. குழந்தையின் முகத்தைவிட அவன் மீசை பெரியது. தாய்மாமன் என் படம் மூலையில், தபால்தலை அளவில். கேட்டால், "எடம் இல்ல மச்சான், அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்கிறான்.

அதைக் கழற்றுமுன் சிமோனை என் மூலைப்பக்கம் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. இதோடு வைத்திருக்கும் என் வாழ்த்தை நீயே அவளுக்கு வாசித்துக் காட்டு. வேலைக்கு நேரமாகிவிட்டது.

நதியும் கூட்டமும் பொய், அக்கா. அழுதது மட்டும் நிஜம். அப்போது சமையலறையில் நான் ஒருவன்தான் இருந்தேன்.